ஒரே கூரை, பல வாசல்: துணைக்களங்கள் வளர்ந்த வரலாறு

ஒரு சின்னக் கேள்வியோடு தொடங்குவோம். உங்கள் பள்ளித் தமிழ்மொழிக் கழகத்துக்கு ஒரு தளப்பெயர் இருக்கிறது. தேர்வுத்தாளுக்கு ஒரு தளம், இலக்கியத்துக்கு ஒரு தளம், மாணவர் கட்டுரைக்கு ஒரு தளம் என மூன்று வேண்டும். மூன்று பெயர் வாங்கணுமா? தேவையில்லை. இருக்கும் பெயருக்கு முன்னால் ஒரு சொல்லும் ஒரு புள்ளியும் சேர்த்தால் போதும். அதுதான் துணைக்களம், பேச்சுவழக்கில் சப்டொமைன். இந்த வசதி எப்படி வந்தது, அதில் நாம் எங்கே தடுக்கி விழுகிறோம் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவில் உள்ள ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக் கழகத்தில் எலிசபெத் ஃபெய்ன்லரின் குழு அதைப் பராமரித்தது. புதுக் கணினி வந்தால் அவர்களிடம் சொல்லிப் பதிய வேண்டும். கணினிகள் பெருகப் பெருக இது தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் களப்பெயர் முறைமையை, அதாவது டி.என்.எஸ்ஸை, வடிவமைத்தார். இதன் அடிப்படைக் கருத்து எளிமையானது: ஒரு பெயரை உங்களுக்கு ஒதுக்கிவிட்டால், அதற்குக் கீழே வரும் பெயர்களை நீங்களே வைத்துக்கொள்ளலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். துணைக்களத்தின் பிறப்பு இதுதான்.

ஆனால், பெயர் கிடைத்தாலும் இடம் கிடைக்கவில்லை. தொடக்ககால இணையத்தில் உலாவி செர்வரிடம் “இந்தப் பக்கத்தைக் கொடு” என்று மட்டுமே கேட்கும். எந்தத் தளத்தின் பக்கம் என்று சொல்லாது. அதனால் ஒவ்வொரு தளத்துக்கும் தனி ஐ.பி. எண் தேவைப்பட்டது. 1997 ஜனவரியில் வெளியான எச்.டி.டி.பி. 1.1 விதிமுறை, தளத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்வதைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகு ஒரே எண்ணில் நூறு தளம்கூட குடியிருக்கலாம் என்றாகிவிட்டது. செலவு குறைந்தது.

அடுத்து மென்பொருள். பக்கங்களைக் கையால் எழுதாமல், திரையில் தட்டச்சு செய்து வெளியிட உதவுவது உள்ளடக்க மேலாண்மை அமைப்பு. பெல்ஜியத்தின் ட்ரீஸ் பாய்டார்ட் உருவாக்கிய துருப்பல் 2001இல் பொதுவெளிக்கு வந்தது. அதே 2001இல் தோன்றிய ‘பி2’ என்ற மென்பொருளின் வளர்ச்சி நின்றுபோனபோது, மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் அதிலிருந்து வேர்ட்பிரஸை உருவாக்கி, 2003 மே 27இல் வெளியிட்டார்கள். இலவசம், நிறுவுவதும் சுலபம். ஆளுக்கொரு துணைக்களம், ஒவ்வொன்றிலும் ஒரு வேர்ட்பிரஸ் என்று எல்லாரும் நிறுவித் தள்ளினார்கள்.

நானும் அப்படித்தான் செய்தேன். நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளிக்கு ஒரே செர்வர் கணக்கில் மூன்று துணைக்களம், மூன்று தனி நிறுவல். தேர்வுத்தாள் தளத்தைத் தவறாமல் புதுப்பிப்பேன். கட்டுரைத் தளத்தைத் திறந்தே இரண்டு வருடம் ஆகிவிட்டது. டிரையல் தேர்வுக்கு முந்தைய வாரம், “டீச்சர், தேர்வுத்தாள் பக்கத்தைத் திறந்தா என்னென்னவோ விளம்பரம் வருது” என்றாள் ஒரு மாணவி. ஓட்டை விழுந்தது நான் மறந்துபோன கட்டுரைத் தளத்தில், பாதிக்கப்பட்டதோ மூன்றும். மாணவர் எழுதிய கட்டுரைகளுக்கு வேறு நகலும் இல்லை. அதில் பாதி போனது போனதுதான்.

ஏன் இப்படி? தோட்டத்து லயத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். வாசல் தனித்தனி, கூரை ஒன்று. ஒரு வீட்டில் தீப்பிடித்தால் பக்கத்து வீட்டுக்குத் தாவ நேரமாகாது. துணைக்களம் பிரிப்பது பெயரை மட்டுமே. ஒரே கணக்கில் இருக்கும் கோப்புகளை அது பிரிப்பதில்லை.

வரலாற்றில் இதற்கு ஒரு கடுமையான பாடம் உண்டு. 2014 அக்டோபரில் துருப்பல் 7இல் பெரிய ஓட்டை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. திருத்தம் வெளியானபோது மலேசியாவில் அக்டோபர் 16, நள்ளிரவு 12 மணி. ஏழு மணி நேரத்துக்குள் திருத்தாத தளங்கள் எல்லாம் தாக்கப்பட்டுவிட்டதாகவே கருதுங்கள் என்று துருப்பல் குழு பிறகு அறிவித்தது. நம் கணக்கில் காலை 7 மணி. பள்ளி மணி அடிப்பதற்குள் காலம் கடந்துவிட்டது! ஒரு நிறுவல் என்றால் ஒரு முறை திருத்தினால் போதும். ஐந்து என்றால் ஐந்து முறை.

இதற்கு ஒரு மாற்றுவழி 2010 ஜூனில் வந்தது. வேர்ட்பிரஸ் 3.0இல், அதுவரை தனியாக இருந்த பல்பயனர் பதிப்பு முதன்மை மென்பொருளோடு இணைக்கப்பட்டது. இதில் நிரல் ஒன்றுதான், தரவுத்தளமும் ஒன்றுதான். ஒவ்வொரு தளத்துக்கும் எண்ணிட்ட தனி அட்டவணைகள். பயனர் பட்டியல் மட்டும் பொது. ஒரு முறை புதுப்பித்தால் எல்லாத் தளமும் புதுப்பிக்கப்படும். ஆனால், அது விழுந்தால் எல்லாம் சேர்ந்து விழும். அதையும் மறக்க வேண்டாம்.

அப்படியானால் எதைத் தேர்வது? ஒரே குழு, ஒரே வகைத் தளம் என்றால் ஒரே நிறுவல் நல்லது. வேறு வேறு ஆள், வேறு வேறு மென்பொருள் என்றால் தனி நிறுவல்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு, தனித் தரவுத்தளம், தனிக் கடவுச்சொல் வேண்டும். எதுவானாலும் நகல் வேறு இடத்தில் இருக்கட்டும். பயன்படாத நிறுவலை நீக்கிவிடுங்கள்.

மாணவர்களே, ஆண்டுகளை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. காரணத்தையும் சேர்த்துப் படியுங்கள்:

1983 – ஒரே பட்டியல் தாங்கவில்லை. பெயர் வைக்கும் உரிமை பிரிந்தது.
1997 – தனி எண் தேவையில்லை, செலவு குறைந்தது.
2010 – பல நிறுவலைப் பராமரிக்கும் சுமை. ஒரே நிறுவலில் பல தளம்.

சிந்தனை வினா: ‘பிரித்து வைப்பது பாதுகாப்பு, சேர்த்து வைப்பது வசதி.’ இக்கூற்றை மேற்கண்ட சான்றுகளைக் கொண்டு விவாதிக்கவும்.

ஆசிரியர்களே, உங்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம். இன்றே உங்கள் பள்ளிக் கணக்கைத் திறந்து, எத்தனை நிறுவல் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் மறந்துபோன ஒன்று கட்டாயம் இருக்கும்.