மழைநீர் வளர்த்த பசுஞ்சுவர்

வரலாறு என்பது அரசர்களின் போர்களே என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு சுவருக்கும் வரலாறு உண்டு.

கல்லும் செங்கல்லும் பகலில் வெயிலை உண்டு இரவில் உமிழ்வதால் நகரத் தெருக்கள் கொதிக்கின்றன. அமெரிக்காவில், இல்லினாய்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டான்லி ஹார்ட் ஒயிட் என்பார், செடிகளைத் தாங்கி நிற்கும் சுவர் ஒன்றை வகுத்து 1938-இல் காப்புரிமை பெற்றார். பின்னர், பிரெஞ்சுத் தாவரவியல் அறிஞர் பத்ரிக் பிளாங் அக்கலையைப் பாரெங்கும் பரப்பினார்.

சுவரில் செடி வைத்தல் எளிது. அதற்கு நீரூட்டலே அரிது. ஈரத்துணி சுற்றிய பானையைக் காட்டி வகுப்பில் நான் விளக்குவதுண்டு: ஆவியாகும் நீர் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. இலைகளும் அவ்வாறே நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கின்றன. நீர் வற்றினால் அக்குளிர்ச்சியும் வற்றும். அதற்காகக் குடிநீரைச் செலவிடுதல் முறையோ?

இலண்டன் மாநகரின் விக்டோரியா பகுதியில், ரூபன்ஸ் விடுதியின்மீது 2013-இல் எழுந்த பசுஞ்சுவர் இதற்கு விடை கூறிற்று. உயரம் 21 மீட்டர். பரப்பு 350 சதுர மீட்டர். செடிகள் ஏறத்தாழ 10,000. கூரையில் விழும் மழையைத் தொட்டிகளில் தேக்கிச் செடிகளுக்குப் பாய்ச்ச வகை செய்தனர். வெள்ளமாய்த் தெருவில் ஓடி வீணாகும் மழையே தெருவைக் குளிர்விக்கும் துணையாயிற்று.

எனவே, பசுஞ்சுவர் அமைப்போர் முதலில் வரையவேண்டியது செடியை அன்று, தொட்டியையே.