நவதானியத்தில் ஆறு: பயறுச் செடியின் வேரில் குடியிருப்பவர்கள்

இன்னைக்கு ஒரு கோயில் வாசல்ல இருந்து ஆரம்பிக்கலாம். தேனி மாவட்டம், சின்னமனூர் பக்கத்துல குச்சனூர். சுரபி நதிக்கரையில சுயம்பு சனீஸ்வரர். ஆடி மாசச் சனிக்கிழமையில போனீங்கன்னா கால் வைக்க இடம் இருக்காது.

நவகிரக வழிபாட்டில் ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒரு தானியம் உண்டு. சூரியனுக்குக் கோதுமை, சந்திரனுக்கு நெல், சனிக்கு எள். மிச்சம் ஆறைப் பாருங்க. செவ்வாய்க்குத் துவரை, புதனுக்குப் பச்சைப்பயறு, வியாழனுக்குக் கொண்டைக்கடலை, சுக்கிரனுக்கு மொச்சை, ராகுவுக்கு உளுந்து, கேதுவுக்குக் கொள்ளு. ஒன்பதில் ஆறு, பயறு இனம். இந்த ஆறுக்கும் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அந்த முடிச்சுக்குள்ள பாக்டீரியா குடியிருக்கும். அது காத்துல இருக்கிற நைட்ரஜனை எடுத்துச் செடிக்குத் தரும், செடி அதுக்குச் சர்க்கரை தரும். சனி பகவானோட எள்ளுக்கு இந்த வசதி கிடையாது.

பள்ளிக்கூடத்துல ஒரு மார்க் கேள்வியா படிச்சிருப்போம். ஆனா இதைக் கண்டுபிடிக்க மனுஷங்க அம்பது வருஷம் சண்டை போட்டிருக்காங்க. அந்தச் சண்டை முடிஞ்ச வருஷம் கம்பம் பள்ளத்தாக்கு வரலாறிலும் ஒரு பெரிய வருஷம்.

1838-ல் பூசங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர், பயறுச் செடிகள் மண்ணில் இல்லாத நைட்ரஜனை வேறெங்கிருந்தோ எடுக்கின்றன என்று அளந்து சொன்னார். காற்றிலிருந்துதான் என்பது அவருடைய சந்தேகம். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணைக்காரர்கள் இதைச் சோதிக்க 1857-ல் இறங்கினார்கள். ரொம்பக் கவனமான ஆட்கள். மண்ணில் வேறு எதுவும் கலந்திருக்கக் கூடாது என்று மண்ணை நன்றாகச் சூடாக்கி, கண்ணாடிக் கூண்டுக்குள் செடி வளர்த்தார்கள். முடிவு: பயறு காற்றிலிருந்து எதையும் எடுக்கவில்லை! எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். சுத்தமா செய்யணும்னு மண்ணைச் சுட்டாங்க. சுட்டதுல செத்தது யாரு? அவங்க தேடின ஆளேதான். இந்த முடிவால் விவாதம் ஏறக்குறைய கால் நூற்றாண்டு முடங்கிப்போனது.

1886 செப்டம்பரில் பெர்லினில் நடந்த ஒரு அறிவியல் மாநாட்டில் ஹெல்ரீகல் என்ற ஜெர்மானியர் பதிலோடு வந்தார். மணல் நிரப்பிய சட்டிகளில் ஓட்ஸும் பட்டாணியும் வளர்த்திருந்தார். உரம் போடாத சுத்தமான மணலில் இரண்டுமே வாடின. வயல் மண்ணைக் கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றியதும் பட்டாணி மட்டும் எழுந்து நின்றது, ஓட்ஸ் அப்படியே கிடந்தது. அதே தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றினால் பட்டாணியும் எழவில்லை. அப்ப மண்ணுல இருக்கிறது உயிருள்ள ஏதோ ஒண்ணு. 1888-ல் நெதர்லாந்தின் பெயரிங்க் அந்த பாக்டீரியாவை வேர்முடிச்சிலிருந்து தனியே பிரித்தெடுத்தார். ரைசோபியம் என்ற பெயர் அடுத்த வருஷம் வந்தது.

அந்த பெர்லின் மாநாடு முடிஞ்சு ஒரு மாசம் சொச்சம். 1886 அக்டோபர் 29. திருவிதாங்கூர் மகாராஜாவும் ஆங்கிலேய அரசும் பெரியாறு குத்தகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 999 வருஷத்துக்கு. 1895-ல் பென்னிகுவிக் கட்டிய அணை திறந்தது, தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே வந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் இன்று 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணீரில்தான். பென்னிகுவிக்குக்கு மணிமண்டபம் இருக்கு, அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறாங்க. வைக்க வேண்டியதுதான். ஆனா அதே சமயத்துல வெளிச்சத்துக்கு வந்த இன்னொரு கொடையாளிக்கு நம்ம ஊர்ல பேரே கிடையாது.

நம்ம சம்சாரிகளுக்கு இது தெரியாதான்னு கேட்பீங்க. காரணம் தெரியாது, பலன் தெரியும். சோளத்துக்குள் ஊடுபயிராக மொச்சையோ தட்டையோ போடுவதும், நெல்லுக்குப் பின்னால் உளுந்து விதைப்பதும் பழைய வழக்கம். 1889 கடைசியில் இந்திய விவசாயத்தை ஆராய அனுப்பப்பட்ட வோல்கர் என்ற ஆங்கிலேய வேதியியலாளர், 1893-ல் வெளியான தன் அறிக்கையில், பயிர்ச் சுழற்சி இந்திய விவசாயிக்குத் தெரியாது என்று நினைப்பது தப்பு என்று அழுத்தமாகவே எழுதினார்.

இந்த பாக்டீரியாவைப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனைக்கு 1896-லேயே ஜெர்மானியர்கள் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். இந்தியாவில் முதல் ஆய்வு 1920-ல் பூசாவில் என். வி. ஜோஷி செய்தது, வணிக உற்பத்தி 1956-ல் தொடங்கியது. இதுல ஒரு சுவாரசியமான தொல்லை. பாக்டீரியாவைச் சுமக்க ஒரு தூள் வேணும். வெளிநாட்டில் பீட் என்ற மக்கிய சதுப்புமண். நமக்கு நீலகிரியில்தான் கொஞ்சம் உண்டு. அதனால நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைப் பொடி பண்ணிப் பயன்படுத்தினாங்க. மின்சாரம் எடுக்கத் தோண்டின கரி, உளுந்து விதைக்குப் பொட்டு வச்ச மாதிரி ஒட்டிக்கிட்டுப் போச்சு.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு: எக்டருக்கு வேண்டிய பயறு விதைக்கு 200 கிராம் பாக்கெட் 3. ஆறின கஞ்சியில் குழைத்து விதையில் பூசி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைக்க வேண்டும். நிழலில் என்பதற்குக் காரணம் இருக்கு. உள்ளே இருப்பது உயிர், வெயில்ல காய வச்சா செத்துடும். யூரியா மூட்டை மாதிரி வெக்கையான குடோன்ல போட்டு வைக்கிற பாக்கெட்ல வெறும் கரித்தூள்தான் மிஞ்சும்.

எல்லாப் பயறுக்கும் ஒரே பாக்டீரியாவும் ஆகாது. நவதானிய ஆறில் துவரை, பச்சைப்பயறு, மொச்சை, உளுந்து, கொள்ளு ஐந்தும் தட்டைப்பயறுக் கூட்டம். நம்ம மண்ணுல ஏற்கெனவே இருக்கிற ஆட்களோடவே சேர்ந்துக்கும். அதனாலதான் சில வயல்ல பாக்கெட் போட்டாலும் போடாட்டியும் பெருசா வித்தியாசம் தெரியாது. கொண்டைக்கடலை மட்டும் தனி ரகம், தனக்குன்னு ஒரு ஆள் கேட்கும். புதுசா கடலை போடுற நிலத்துல பூசுறதுக்கு அர்த்தம் அதிகம்.

இன்னொரு பக்கம் ஹேபர் 1909-ல் காற்று நைட்ரஜனை ஆய்வகத்தில் அம்மோனியாவாக்கிக் காட்டினார். அங்கிருந்து வந்ததுதான் யூரியா. பயறுக்கு யூரியாவை அள்ளிப் போட்டால் செடி வேர்முடிச்சைக் குறைத்துக்கொள்ளும். தினமும் பார்சல் வந்தா யாரு அடுப்பு பத்த வைப்பா?

கடைசியா ஒண்ணு, இதை நாமளும் தப்பாத்தான் சொல்லிட்டிருக்கோம். ‘உளுந்து போட்டா மண்ணு வளமாகும்’னு. பாதி உண்மை. காய் பிடிக்கும்போது செடி தன் நைட்ரஜனில் பெரும்பகுதியை விதைக்குள் அனுப்பிவிடும். உளுந்தில் கிட்டத்தட்ட கால்வாசி புரதமாக இருப்பது இதனால்தான். விதை சந்தைக்குப் போச்சுன்னா அந்த நைட்ரஜனும் போச்சு. செடியை வேரோட பிடுங்கினா முடிச்சும் சேர்ந்து போச்சு. அறுத்துட்டு வேரை விட்டாத்தான் மண்ணுக்கு ஏதாவது மிஞ்சும்.

அடுத்த தடவை அந்தப் பக்கம் போனீங்கன்னா, பூவெடுக்கிற பருவத்துல இருக்கிற ஒரு பயறுச் செடியை, காட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டு, மெதுவா தோண்டி எடுங்க. முடிச்சை நகத்தால கீறிப் பாருங்க. உள்ளே இளஞ்சிவப்பா இருந்தா வேலை நடக்குது. நம்ம ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபினோட சொந்தக்காரப் பொருள்தான் அந்த நிறம். வெளுத்தோ பச்சையாவோ இருந்தா, குடி இருக்கு, வேலை இல்ல.