மிலிட்டரி வண்டி வாங்கப் போறீங்களா? பச்சை பெயின்ட்டைப் பார்க்காதீங்க, பேப்பரைப் பாருங்க!

ஞாயிற்றுக்கிழமை காலையில் இ.சி.ஆரில் கோவளம் தாண்டி மாமல்லபுரம் பக்கம் போனால் எப்போதாவது கண்ணில் படும். சூப்பர் பைக்குகள் சர்ரென்று பறக்க, ஓரமாக ஒரு பழைய ஜீப் கூரையில்லாமல் குலுங்கிக் குலுங்கிப் போகும். 'நம்மகிட்டயும் ஒண்ணு இருந்தா செமயா இருக்குமே' என்று தோன்றாதவர்கள் குறைவு. 2019-ல் தோனி ஒரு ஜோங்காவை ராஞ்சியில் ஓட்டிய படங்கள் வந்தபோது, இப்படி ஒரு வண்டி இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியவந்தது.

ஆசைப்படுங்கள், தப்பில்லை. ஆனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் சில விஷயங்கள்.

முதல் ஏமாற்றம் கலரில். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 121-வது விதி, ஆலிவ் பச்சை நிறத்தைப் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே ஒதுக்கியிருக்கிறது. அசல் ராணுவ வண்டியாகவே இருந்தாலும், உங்கள் பெயருக்கு வந்த பிறகு அந்தப் பச்சை கூடாது. மணல் நிறம், சாம்பல், நீலம் என்று எதற்காவது மாற வேண்டியதுதான். நம்பர் பிளேட்டில் மேல்நோக்கிய அம்புக்குறி, அதையொட்டி வருஷத்தைக் குறிக்கும் இரண்டு இலக்கம், ஓர் ஆங்கில எழுத்து, வரிசை எண் என்று இருக்கிறதே, அது ராணுவம் கொடுக்கிற எண். அதையும் ஸ்டார் பிளேட்டையும் கெத்துக்காக வைத்துக்கொண்டு ரோட்டில் இறங்காதீர்கள். போலீஸ் நிறுத்தினால் பதில் இருக்காது.

ராணுவத்தில் இருக்கும்வரை வண்டிக்கு ஆர்.டி.ஓ. கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 60-வது பிரிவுப்படி பதிவெல்லாம் அவர்களுக்குள்ளேயே. சேவை முடிந்து வெளியே வந்ததும் சாதாரண வண்டி மாதிரி புதிதாகப் பதிய வேண்டும். செங்கல்பட்டுக்காரர்கள் என்றால் டி.என்.19. அங்கே முதலில் கேட்பது 'ஃபார்ம் 21' என்ற விற்பனைச் சான்றிதழின் ஒரிஜினலை. ஏலம் விட்ட ராணுவ அதிகாரி கொடுத்தது அது. 'ஜெராக்ஸ்தான் இருக்கு, ஆனா மெட்டல் செம கண்டிஷன் சார்' என்று யாராவது சொன்னால், நீங்கள் வாங்குவது வண்டி இல்லை, பழைய இரும்பு. லட்சக்கணக்கில் செலவு செய்து ரெடி பண்ணியும் பல வண்டிகள் ஷெட்டை விட்டு நகராமல் நிற்பது இந்த ஒரு காகிதத்தால்தான்.

ராணுவக் கழிவு வண்டிகள் பெரும்பாலும் எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனத்தின் ஆன்லைன் ஏலத்தில் வருகின்றன. 'எங்கே, எப்படி இருக்கிறதோ அப்படியே' என்பதுதான் விற்பனை நிபந்தனை. கியர்பாக்ஸ் உள்ளே காலியாக இருந்தாலும் கேள்வி கேட்க முடியாது. பல வண்டிகளைச் சேர்த்து ஒரே லாட்டாகவும் விடுவார்கள், அதனால் டீலர்கள்தான் அதிகம் எடுக்கிறார்கள். சில லாட்டுகள் ஸ்கிராப்புக்கு மட்டும் என்றே வரும். அவற்றை ரோட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஏல விவரக் குறிப்பைக் கடைசி வரி வரை படியுங்கள்.

சரி, எந்த வண்டி? இரண்டாம் உலகப் போர் ஜீப் என்றால் வில்லிஸ் எம்.பி. அல்லது ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. 'இது 1943 ஜீப்' என்று சொல்லி விற்பவரிடம் முன்பக்க கிரில்லை எண்ணிப் பாருங்கள். போர்க்கால ஜீப்பில் 9 பிளவுகள், பிறகு வந்த சிவிலியன் மாடல்களில் 7. ரேடியேட்டருக்குக் கீழே இருக்கும் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்த 'ப' மாதிரி இருந்தால் ஃபோர்டு. பானட் உயரமாக இருந்தால் அது நம்ம மஹிந்திரா சி.ஜே.3பி. அதுவும் அருமையான வண்டிதான், ஆனால் உலகப் போரைப் பார்த்ததில்லை. அந்த விலையைக் கொடுக்காதீர்கள்.

ஜோங்கா, நிஸான் பேட்ரோலை வைத்து ஜபல்பூரில் 1969 முதல் 1999 வரை தயாரானது. 6 சிலிண்டர், ஏறத்தாழ 4 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். மைலேஜ் கேட்டால் சிரிப்பார்கள். அதனாலேயே பலதில் டீசல் இன்ஜின் ஏறியிருக்கும். அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் தலைவலி உங்களுக்குத்தான். முதல் வண்டிக்கு என் சிபாரிசு ஜிப்ஸி. பார்ட்ஸ் கிடைக்கும், தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார்.

'லாரியே வேணும்' என்பவர்களுக்கு சக்திமான். ஜெர்மனியின் எம்.ஏ.என். லைசென்ஸில் 1959 முதல் 1996 வரை ஜபல்பூரில் தயாரானது. ரோட்டில் போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், உண்மை. ஆனால் சரக்கு வாகனமாகப் பதிவானால், 8 வருஷத்துக்கு மேற்பட்டது என்பதால் வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்க வேண்டும். மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டினால் கார் லைசென்ஸ் செல்லாது, ஹெவி லைசென்ஸ் வேண்டும். நிறுத்த இடம்? அப்பார்ட்மென்ட் செக்ரட்டரியிடம் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். 2021-ல் வந்த வின்டேஜ் பதிவு இதற்கு உதவாது. அது 50 வருஷம் தாண்டிய, ஒரிஜினலாகவே வைத்திருக்கும் டூ வீலர், நான்கு சக்கர சொந்த வண்டிகளுக்கு. கட்டணம் 20,000 ரூபாய், 'வி.ஏ.' என்ற எழுத்துடன் நம்பர், தினசரி ஓட்டக் கூடாது.

வாங்கிய பிறகு உண்மையான எதிரி உப்புக்காற்று. கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் ஷெட் போட்டால் துரு கேட்காமல் வரும். வெளியே தெரியும் பாடியை விடுங்கள், சேஸ் உள்பக்கம், ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவே, பிரேக் பைப் இங்கெல்லாம்தான் ஆபத்து. பீச் ரோட்டில் ஓட்டிவிட்டு வந்தால் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வேண்டாம்.

போர்க்கால ஜீப்பில் பிரேக்குக்கு ஒரே சர்க்யூட். ஒரு இடத்தில் ஆயில் கசிந்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றுங்கள், ஹோஸைக் காசு பார்க்காமல் மாற்றுங்கள். இரண்டு துண்டாக போல்ட் போட்டு இணைத்த ராணுவ ரிம் என்றால் இன்னொரு எச்சரிக்கை: காற்றை முழுதாக இறக்காமல் அந்த போல்ட்டைத் தொடவே கூடாது. ரிம் வெடித்துத் தெறித்தால் உயிரே போகும். பங்சர் கடைப் பையனுக்கு இது தெரிந்திருக்கும் என்று நினைக்காதீர்கள், பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

இப்போது பங்கில் கிடைக்கும் இ20 பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸ், டயாஃப்ரம் எல்லாவற்றையும் கெடுக்கும். எத்தனால் தாங்குகிற ஹோஸாக மாற்றிவிடுங்கள். பழைய பார்ட்ஸுக்கு புதுப்பேட்டை, புதுசுக்கு ஜி.பி. ரோடு. கிடைக்காததைச் செய்துகொடுக்க ஒரு நல்ல லேத் பட்டறைக்காரரை நண்பராக்கிக்கொள்ளுங்கள்.

ஃபோர் வீல் டிரைவை தார் ரோட்டில் போடாதீர்கள், டிரான்ஸ்ஃபர் கேஸ் தாங்காது. 'அப்போ மணல்ல இறக்கலாமா?' என்றால் அதுவும் வேண்டாம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலம். மணலுக்குள் இருக்கும் கூடு டிரைவர் சீட்டிலிருந்து தெரியாது. ஏரிக்கரை மண்பாதை, நண்பரின் தோப்பு, இவை போதும்.

மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் ஓட்டினீர்களா? மறுநாளே ஆக்சில், கியர்பாக்ஸ் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். அந்த வாரமே மாற்றிவிடுங்கள்.