ஆவண மீதரவு – ஆசிரியரை நிர்ணயிக்கும் பிரமாணமாக

ஆவண மீதரவு என்பது, கணினியில் உருவாகும் ஓர் ஆவணத்தின் வாசகத்தோடு கலவாமல், அவ்வாசகம் எப்பொழுது, எந்த மென்பொருளால், யாருடைய பெயரில் உண்டாயிற்று என்ற விவரங்களைத் தாங்கி, அதே கோப்பினுள் மறைவாகத் தங்கியிருக்கும் குறிப்புகளின் தொகுதியாகும். மெட்டாடேட்டா என்ற ஆங்கிலச் சொல்லே இதற்கு வழக்கில் மிகுதி. இக்குறிப்புகளைக் கொண்டு ஆவணத்தின் கர்த்தா இன்னாரென்று நிர்ணயித்துவிடலாம் என்ற நம்பிக்கை பரவலாக இருப்பினும், அந்நம்பிக்கை பாதியளவே நியாயமானது.

வேர்ட் முதலிய மென்பொருள்கள் எழுதுகிறவரை அறிந்து பெயரைப் பொறிப்பதில்லை. பயனர் பெயரென்று அவற்றில் எவரோ ஒரு நாள் எதை இட்டுவைத்தாரோ, அதையே அங்கு புதிதாய்ப் பிறக்கும் கோப்புகளிலெல்லாம் பதித்துச் செல்கின்றன. ஆகவே மகன் எழுதிய விண்ணப்பம் தந்தையின் பெயரிலும், குமாஸ்தா தயாரித்த அறிக்கை அதிகாரியின் பெயரிலும், பழைய கடிதமொன்றைத் திறந்து அதன் வாசகத்தை நீக்கிப் புதிதாக எழுதியது அப்பழைய கடிதத்தை எழுதினவரின் பெயரிலும் நிற்பது சர்வசாதாரணம். நேரக் குறிப்போ கணினியின் கடிகாரத்தைப் பின்பற்றுவது. கடிகாரத்தைப் பின்னே தள்ளினால் அதுவும் பின்னே செல்லும். 2007-க்குப் பிந்தைய வேர்ட் கோப்பு உண்மையில் ஒரு சுருக்கப்பொதியே ஆதலால், அதைப் பிரித்து, உள்ளிருக்கும் பெயரையும் தேதியையும் மாற்றிவிட விசேஷப் பயிற்சி எதுவும் வேண்டியதில்லை. ஓலைச்சுவடியின் இறுதியில் காணும் பெயர் பெரும்பாலும் ஏட்டைப் பிரதி செய்தவருடையதேயன்றி நூலாசிரியருடையதன்று என்பதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பொன்றும் இராது.

இவ்வளவு பலவீனமான சாட்சியம் ஒரு கொடியவனைப் பிடித்துத் தந்ததும் உண்டு. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து விச்சிட்டா நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 1974 முதல் 1991 வரை பத்துப் பேரைக் கொன்று, பி.டி.கே. என்ற புனைபெயரில் கடிதங்கள் அனுப்பிவந்த டென்னிஸ் ரேடர், 2005-இன் தொடக்கத்தில், பிளாப்பி வட்டில் செய்தி அனுப்பினால் தன்னைக் கண்டறிய இயலுமா என்று போலீசாரையே கேட்டுவிட்டான். அவன் கோரியபடியே பத்திரிகை விளம்பரத்தின் வாயிலாக, பாதகமில்லை என்ற பொருளில் பதிலும் கிடைத்தது. பிப்ரவரியில் ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்கு வந்து சேர்ந்த அவ்வட்டில், அழிக்கப்பட்டும் முற்றிலும் அழியாதிருந்த வேர்ட் கோப்பொன்றின் மீதரவு, கிறைஸ்ட் லூத்தரன் சர்ச் என்ற ஸ்தாபனத்தின் பெயரையும், கடைசியாகத் திருத்தியவர் டென்னிஸ் என்பதையும் காட்டியது. அத்தேவாலயச் சபையின் தலைவர் டென்னிஸ் ரேடர் என்பதை இணையத்தில் தேடி அறிவது அதன் பின் எளிதாயிற்று. ஆயினும், பலரும் இவ்வழக்கை எடுத்துரைக்கும்போது விட்டுவிடுகிற ஒரு விஷயம் உண்டு: போலீசார் அந்த இரு பெயர்களை மட்டும் நம்பி அவனைக் கைது செய்யவில்லை. அவன் மகளின் மருத்துவப் பரிசோதனை மாதிரியிலிருந்து மரபணுவை எடுத்து, கொலை நிகழ்ந்த இடத்துத் தடயத்தோடு ஒப்பிட்ட பிறகே, பிப்ரவரி 25 அன்று பிடித்தார்கள். மீதரவு வழியைக் காட்டியது, ருசுவானது மரபணு.

பெயர் வேண்டுமென்றே விதைக்கப்படவும் கூடும். 2016-இல் அமெரிக்க டெமாக்ரட்டிக் கட்சியினரிடமிருந்து களவாடிய ஆவணங்களை குசிஃபர் 2.0 என்ற பெயரில் வெளியிட்டவர்களின் கோப்புகளில், கடைசியாகச் சேமித்தவர் என்ற இடத்தில், சோவியத் இரகசியப் போலீசை நிறுவிய ஜெர்ஜின்ஸ்கியின் முதற்பெயரும் தந்தைவழிப் பெயரும் ரஷ்ய எழுத்தில் காணப்பட்டன. அது குறும்பா, அஜாக்கிரதையா, திசைதிருப்பும் உத்தியா என்பதை அந்தக் குறிப்பிலிருந்தே யாரும் தீர்மானித்துவிட முடியாது.

பொய்யை உடைப்பதில்தான் மீதரவின் வலிமை முழுமையாகப் புலப்படுகிறது. பிட்காயின் என்னும் மின்பணத்தைத் தோற்றுவித்த, சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயருக்குரியவர் தாமே என்று உரிமை கொண்டாடிய கிரெய்க் ரைட் என்பவர் மீதான வழக்கு 2024 பிப்ரவரியில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது, 2008-ஐ ஒட்டிய காலத்தவை என்று அவர் தரப்பில் காட்டப்பட்ட ஆவணங்களுள், 2012-இல் வெளிவந்த நிர்மலா யூஐ என்னும் எழுத்துருவின் பெயர் உள்ளே பதிந்திருந்ததை நிபுணர் எடுத்துக்காட்டினார். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கென ஆக்கப்பட்ட அவ்வெழுத்துரு, ஆங்கில ஆவணமொன்றின் வயதைக் காட்டிக்கொடுத்தது ஒரு விசித்திரமே. பிட்காயினை முதலில் விளக்கிய, சதோஷியின் வெள்ளை அறிக்கையை லேட்டெக் என்னும் அச்சுக்கோப்பு முறையில் தயாரித்ததாக ரைட் கூறியிருக்க, அதன் மீதரவோ ஓபன் ஆபீஸ் 2.4 என்று உரைத்தது; அவர் காட்டிய லேட்டெக் கோப்புகள் அவ்வறிக்கையைப் போலத் தோன்றும்படி 2023 நவம்பரில் திருத்தப்பட்டு வந்தவை என்பது லேட்டெக் கோப்புகளை இணையத்தில் திருத்த உதவும் ஓவர்லீஃப் தளத்தின் பதிவுகளால் வெளிப்பட்டது. அவர் சதோஷி அல்லர் என்றும், பெருமளவில் ஆவணங்களைப் போலியாக ஆக்கினார் என்றும் நீதிபதி மெல்லர் தீர்ப்பளித்தார்.

சதோஷி அல்லாதவர் ஒருவரை இவ்வாறு விலக்க உதவிய வெள்ளை அறிக்கையின் கோப்பில், மென்பொருளின் பெயரும் உருவான நேரமும் இருக்கின்றன. ஆசிரியரின் பெயர் இல்லை.