'நாட்' விமானமும் அதைப் பறக்க வைத்தவர்களும்

இந்தியப் போர் விமானம் என்றதும் மிக்-21, மிராஜ், சுகோய் என்ற பெயர்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் 1965, 1971 ஆகிய இரண்டு போர்களிலும் பாகிஸ்தானின் சேபர் விமானங்களைத் திணறடித்தது 'நாட்' என்ற குட்டி விமானம். கொசு போன்ற ஒரு சின்னப் பூச்சிக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். நீளம் சுமார் 9 மீட்டர்தான். மதுரை பெரியார் பஸ் நிலையத்தில் நிற்கும் டவுன் பஸ்ஸை விடக் குட்டை!

1950களில் போர் விமானங்கள் பெரிதாகிக்கொண்டே போயின, விலையும் ஏறிக்கொண்டே போனது. இங்கிலாந்தின் ஃபாலண்ட் நிறுவனத்தில் இருந்த பெட்டர் என்ற வடிவமைப்பாளர் அதற்கு நேர்மாறாக யோசித்தார். அப்படிப் பிறந்ததுதான் நாட். அவர் நாட்டு விமானப்படை இதைப் பயிற்சி விமானமாக மட்டுமே எடுத்துக்கொண்டது. இந்தியாவோ 1956-ல் உரிமம் பெற்று, பெங்களூர் எச்.ஏ.எல். தொழிற்சாலையில் போர் விமானமாகவே தயாரித்தது.

1965 செப்டம்பர் 3 அன்று ட்ரெவர் கீலர் ஒரு சேபரை வீழ்த்தியதாக இந்திய விமானப்படை அறிவித்தது. அவருக்கு வீர் சக்ரா விருது கிடைத்தது. நாட்டின் பலமே அதன் சிறிய உருவம்தான். வானத்தில் அதைக் கண்ணால் பிடிப்பதே எதிரிக்குக் கஷ்டம். சட்டென்று திரும்பும், வேகமாக மேலே ஏறும்.

விமானிகளுக்கு வரமாக இருந்த அந்தச் சின்ன உருவம், தரையில் இருந்த தொழில்நுட்பப் பணியாளர்களுக்குத் தலைவலி. எஞ்சின், ஹைட்ராலிக் குழாய், மின்கம்பி எல்லாம் இடுக்கில் திணித்து வைக்கப்பட்டிருக்கும். வால் பகுதிக் கட்டுப்பாட்டிலும் ஹைட்ராலிக் அமைப்பிலும் அடிக்கடி கோளாறு. சண்டையின் நடுவே 30 மி.மீ. பீரங்கிகள் அடைத்துக்கொண்டதும் உண்டு. ஃபிட்டர்கள் இவற்றோடு தினமும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. இந்தக் குறைகளைக் களையத்தான் பிற்பாடு 'அஜீத்' என்ற மேம்பட்ட வடிவம் உருவானது.

அவர்கள் உழைப்பின் பலன் 1971 நவம்பர் 22 அன்று தெரிந்தது. கிழக்கு எல்லையில் பொய்ரா பகுதிக்கு சேபர்கள் அன்று இரண்டு முறை வந்து போயிருந்தன. இரண்டு முறையும் நாட்கள் போய்ச் சேருவதற்குள் திரும்பிவிட்டன. பிற்பகல் 2.48-க்கு மூன்றாம் முறை ரேடாரில் தெரிந்தன. மூன்றே நிமிடத்தில் டம்டமிலிருந்து நான்கு நாட்கள் கிளம்பிவிட்டன. எரிபொருளும் குண்டுகளும் நிரப்பி, எல்லாம் சரிபார்த்துத் தயாராக நிறுத்தி வைத்திருந்தால் மட்டுமே இது நடக்கும். மாஸி, கணபதி, லாசரஸ், சோரஸ் ஆகியோர் நடத்திய அந்தச் சண்டை சில நிமிடங்களில் முடிந்தது. பாராசூட்டில் குதித்த இரண்டு பாகிஸ்தான் விமானிகள் பிடிபட்டார்கள். மூன்றாவது சேபர் அடிபட்ட நிலையில் ஊர் திரும்பியது.

பிடிபட்டவர்களில் ஒருவர் பர்வேஸ் மெஹ்தி குரேஷி. 1997-ல் அவர் பாகிஸ்தான் விமானப்படைத் தளபதியானார். லாசரஸ் அவருக்கு வாழ்த்துக் கடிதம் எழுத, குரேஷியும் இந்திய விமானிகளின் திறமையைப் பாராட்டிப் பதில் எழுதினார். பகை நினைவாக இருந்த ஒன்று மரியாதையாக மாறிவிட்டது!

மாஸி, கணபதி, லாசரஸ் மூவரும் வீர் சக்ரா பெற்றார்கள். டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே நாட்டில் எழும்பிப் போரிட்டு உயிர்நீத்த நிர்மல்ஜித் சிங் செகோனுக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. இவர்களுடைய பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. இருக்கவும் வேண்டும்.

ஆனால் விமானப்படையில் 'ஃபார்ம் 700' என்று ஒரு பதிவேடு உண்டு. எஞ்சின், மின்சாரம், ஆயுதம் என்று ஒவ்வொரு பிரிவின் பணியாளரும் தன் வேலை சரியாக முடிந்தது என்று அதில் கையெழுத்துப் போடுவார். கடைசியாக விமானி கையெழுத்துப் போட்டு விமானத்தை ஏற்றுக்கொள்வார். தன் உயிரை அந்தக் கையெழுத்துக்களை நம்பித்தான் அவர் ஒப்படைக்கிறார். பொய்ராவுக்குப் பறந்த நான்கு விமானங்களுக்கும் அப்படிக் கையெழுத்துப் போட்டவர்கள் இருந்தார்கள். போர் வரலாறு அவர்களையும் சேர்த்து எழுதப்பட்டால்தான் முழுமையாகும்.