'எல்லாம் மனசுதான்': கருத்தடை மாத்திரையும் சிறுநீர்ப்பை வலியும்

கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர்ப்பையில் வலி வருமா? கிருமித் தொற்று இல்லை, சிறுநீர்ப் பரிசோதனை ரிப்போர்ட் சுத்தமாக இருக்கிறது, ஆனாலும் அடிவயிறு எரிகிறது, அரைமணிக்கு ஒருதரம் பாத்ரூமுக்கு ஓட வேண்டியிருக்கிறது. அந்த மாதிரி வலியைத்தான் சொல்கிறேன். இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் இன்னும் ஒரே பதிலாகச் சொல்லவில்லை. மாத்திரை வந்து 60 வருஷத்துக்கு மேல் ஆகிறது, கோடிக்கணக்கான பெண்கள் சாப்பிட்டிருக்கிறார்கள். அப்புறமும் ஏன் தெளிவில்லை என்று தேடப் போனால், இரண்டு பழைய கதைகள் கிடைக்கின்றன. மாத்திரை பற்றிப் பெண்கள் சொன்ன புகார் ஒன்று, சிறுநீர்ப்பை வலி பற்றிச் சொன்ன புகார் இன்னொன்று. இரண்டையும் வாங்கி ஒரே டிராயரில் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். டிராயரின் மேல் ஒட்டியிருந்த லேபிள்: 'மனசு'.

முதலில் மாத்திரை. குடும்பக் கட்டுப்பாட்டுக்காகப் போராடிய மார்கரெட் சாங்கர், பணம் கொடுத்த கேத்தரின் மெக்கார்மிக், விஞ்ஞானி கிரிகரி பின்கஸ், மகப்பேறு மருத்துவர் ஜான் ராக் என்று நாலு பேர் சேர்ந்து உருவாக்கியது. (ராக் தினமும் சர்ச்சுக்குப் போகிற கத்தோலிக்கர். அது தனிக் கதை, இன்னொரு பதிவில் பார்க்கலாம்.) இவர்கள் வேலை செய்த மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கருத்தடை சட்ட விரோதம். அதனால் பெரிய சோதனையை ப்யூர்ட்டோ ரிக்கோ தீவுக்குக் கொண்டு போனார்கள். அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட ஏழைத் தீவு. அங்கே கருத்தடை நிலையங்கள் சட்டப்படியே நடந்துகொண்டிருந்தன.

பெரிய சோதனைக்கு முன்னால் 1955-ல் ஒரு சின்ன முயற்சி. அந்தத் தீவின் பல்கலைக்கழகத்தில் படித்த மருத்துவ மாணவிகளைச் சேர்த்தார்கள். ஒத்துழைக்காவிட்டால் மதிப்பெண்ணில் பார்த்துக்கொள்வோம் என்கிற மிரட்டல் வேறு! அப்படியும் பாதிக்கு மேல் விலகிவிட்டார்கள். இன்டர்னல் மார்க்குக்குப் பயந்து என்னென்னவோ செய்கிற நம்மால் அந்த மாணவிகளின் துணிச்சலைக் கொஞ்சம் புரிந்துகொள்ள முடியும் என்று நினைக்கிறேன்.

1956 ஏப்ரலில் சான் ஹுவான் நகரின் ரியோ பியெட்ராஸ் பகுதியில், ஒரு புதிய அரசுக் குடியிருப்பில் சோதனை தொடங்கியது. மாத்திரையின் பெயர் ஈனோவிட். 10 மில்லிகிராம் புரோஜெஸ்டின், அதோடு 0.15 மில்லிகிராம், அதாவது 150 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன். இன்றைய மாத்திரைகளில் பெரும்பாலும் 20 முதல் 35 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன்தான் இருக்கிறது (ஈஸ்ட்ரோஜனின் வகை வேறு என்றாலும் அளவின் வித்தியாசம் தெரியும்). இது பரிசோதனையில் இருக்கும் மருந்து என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. பிள்ளை பிறக்காது என்று மட்டும் சொன்னார்கள்.

அங்கே சோதனையைக் கவனித்துக்கொண்டவர் எட்ரிஸ் ரைஸ்-ரே என்ற பெண் மருத்துவர். ஒழுங்காகச் சாப்பிட்டால் மாத்திரை நூற்றுக்கு நூறு வேலை செய்கிறது என்று அவர் எழுதினார். கூடவே, சுமார் 17 சதவீதம் பேருக்குக் குமட்டல், தலைசுற்றல், தலைவலி, வயிற்றுவலி, வாந்தி வருகிறது, எல்லோருக்கும் கொடுக்கிற அளவுக்கு இது ஏற்றதில்லை என்றும் எழுதினார். முதல் பாதியை எல்லோரும் கொண்டாடினார்கள். இரண்டாவது பாதியை பின்கஸ் ஏற்கவில்லை. அதில் பெரும்பகுதி மனசு சம்பந்தப்பட்டது என்பது அவர் கட்சி.

அதை நிரூபிக்க ஒரு சோதனையும் செய்தார். சிலருக்கு நிஜ மாத்திரை, 'தொந்தரவு வரலாம்' என்ற எச்சரிக்கையோடு. சிலருக்கு அதே எச்சரிக்கையோடு வெறும் போலி மாத்திரை. இன்னும் சிலருக்கு எச்சரிக்கை இல்லாமல் நிஜ மாத்திரை. எச்சரிக்கப்பட்டவர்கள்தான் அதிகம் புகார் சொன்னார்கள், போலி மாத்திரை சாப்பிட்டவர்கள் உட்பட! இதை நான் முழுசாகத் தள்ளிவிட மாட்டேன். எதிர்பார்ப்பு உடம்பைத் தொடும் என்பது உண்மைதான். ஆனால் சிறிய குழுக்களை வைத்துச் செய்த இந்தச் சோதனையிலிருந்து எல்லாப் பெண்களின் புகாருக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதியது அநியாயம். சோதனைக் காலத்தில் மூன்று பெண்கள் இறந்து போனார்கள். பிரேதப் பரிசோதனைகூட நடக்கவில்லை. மாத்திரைக்கும் மரணத்துக்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

வணிகவியல் படிக்கிற எனக்கு இதில் ரொம்ப உறுத்திய இடம் கணக்குதான். கருத்தடைக்கு அனுமதி கேட்டு சியர்ல் கம்பெனி காட்டிய எண்கள்: 897 பெண்கள், 10,427 மாதவிடாய்ச் சுழற்சிகள். பத்தாயிரத்துச் சொச்சம் என்றால் பிரமாண்டமாகத்தானே தெரிகிறது? ஆனால் அவர்களில் ஒரு வருஷமோ அதற்கு மேலோ விடாமல் சாப்பிட்டவர்கள் 132 பேர்தான் என்று பிற்பாடு வெளியே வந்தது. தாங்க முடியாமல் பாதியில் நிறுத்தியவள் சாப்பிட்ட நாலு மாதம், நாலு வெற்றிகரமான சுழற்சியாகப் பதிவாகிவிடும். அவள் ஏன் நிறுத்தினாள் என்பது அந்தக் கூட்டுத்தொகையில் தெரியாது. ஆள் எண்ணிக்கைக்குப் பதில் மாதங்களை எண்ணினால் கிடைக்கிற வசதி இது. எந்த ஆடிட்டரும் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார். 1960-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது.

அடுத்த வருஷமே, 1961-ல், ஈனோவிட் சாப்பிட்ட ஒரு பெண்ணுக்கு நுரையீரலில் ரத்தக்கட்டு வந்ததாக இங்கிலாந்து மருத்துவர் ஒருவர் லான்செட் இதழில் எழுதினார். 1969-ல் பார்பரா சீமன் என்ற பத்திரிகையாளர் மாத்திரையின் ஆபத்துகளைத் தொகுத்துப் புத்தகம் போட்டார். 1970 ஜனவரியில் செனட்டர் கேலார்ட் நெல்சன் விசாரணை நடத்தினார். சாட்சி சொல்ல வந்தவர்கள் நிபுணர்கள். மாத்திரை சாப்பிடும் பெண் ஒருத்தியையும் கூப்பிடவில்லை! ஆலிஸ் உல்ஃப்சனும் தோழிகளும் பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்து நின்று, எங்களை ஏன் கேட்கவில்லை என்று சத்தம் போட்டார்கள். டி.வி. கேமராக்கள் அதைப் பிடித்துக்கொண்டன. அதே வருஷம் மாத்திரை டப்பாவுக்குள் எச்சரிக்கைத் தாள் வைக்க உத்தரவு வந்தது. முதலில் வந்தது குட்டித் தாள். விரிவான தாள் வர 1978 ஆயிற்று.

இனி சிறுநீர்ப்பை. இந்த வலிக்கு வயது இன்னும் அதிகம். இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைட்டிஸ் என்ற பெயர் 1887-லேயே வந்துவிட்டது. 1915-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த கை ஹன்னர், எட்டுப் பெண்களின் சிறுநீர்ப்பைச் சுவரில் தான் பார்த்த புண்களை விவரித்தார். ஆனால் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அந்தப் புண் இருப்பதில்லை. புண் தெரியாவிட்டால்? பழைய லேபிளேதான். நடுத்தர வயதுப் பெண்களின் பதற்றம், கல்யாணத்தில் ஏதோ குறை, நரம்புத் தளர்ச்சி என்று என்னென்னவோ சொன்னார்கள். 1970-கள் வரைக்கும்கூட சிறுநீரக மருத்துவப் பாடப்புத்தகங்களில் இதை மனம் சார்ந்த நோய்களின் கணக்கில் வைத்திருந்தார்கள்.

1983-ல் விக்கி ராட்னர் என்ற அமெரிக்க மருத்துவ மாணவிக்கு இந்த வலி வந்தது. மருத்துவர் மாற்றி மருத்துவர் பார்த்தார், உடம்பில் ஒன்றுமில்லை என்றார்கள். கடைசியில் நூலகத்தில் உட்கார்ந்து, மருத்துவ இதழ்களைப் புரட்டித் தன் நோயின் பெயரைத் தானே கண்டுபிடித்தார். 1984-ல் நோயாளிகளுக்கான சங்கம் தொடங்கினார். அடுத்த வருஷம் டி.வி. நிகழ்ச்சி ஒன்றில் பேசியதும் ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்து குவிந்தன. அரிய நோய் என்று சொல்லிக்கொண்டிருந்தார்களே, அந்த அரியவர்கள்! 1987-ல்தான் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் இதற்கென்று முதல் ஆய்வுக் கூட்டம் நடத்தியது.

இப்போது தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 1960-களிலும் 70-களிலும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, கூடவே சிறுநீர்ப்பை வலியும் இருந்த ஒரு பெண் மருத்துவரிடம் போயிருந்தால், இரண்டுக்கும் தொடர்பு இருக்குமோ என்று யார் குறித்து வைத்திருப்பார்கள்? வலியே நிஜம் என்று ஒப்புக்கொள்ளாதபோது காரணத்தை எங்கே தேடுவது?

தொடர்பு இருக்கலாம் என்று நினைக்க நியாயம் உண்டு. சிறுநீர்ப்பையின் அடிப்பகுதியிலும் சிறுநீர்க்குழாயிலும் ஈஸ்ட்ரோஜனுக்குப் பதில் கொடுக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. மாதவிடாயை ஒட்டி வலி ஏறுகிறது என்று இந்த நோயுள்ள பல பெண்கள் சொல்கிறார்கள். ஆனால் ஹார்மோனுக்குப் பங்கு இருக்கிறது என்பதாலேயே மாத்திரைதான் குற்றவாளி என்று ஆகிவிடாது. மாதவிடாயோடு வலி ஏறுகிறவர்களுக்கு, இடைவெளி விடாமல் தொடர்ந்து மாத்திரை கொடுத்து மாதவிடாயையே நிறுத்தி வைத்துப் பார்க்கிற மருத்துவர்களும் உண்டு. எண்டோமெட்ரியோசிஸும் சேர்ந்து இருந்தால் இது இன்னும் சகஜம். அதனால் யாரும் இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். மாத்திரை ஆரம்பித்த தேதி, வலி ஆரம்பித்த தேதி, மாதவிடாய்த் தேதி மூன்றையும் ஒரு டைரியில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லாம் மனசுதான் என்று அவர் சொன்னால், அடுத்த மருத்துவரிடம் அதே டைரியை எடுத்துக்கொண்டு போங்கள்.