வாத்தியார் போட்ட அட்டவணை

கெமிஸ்ட்ரி லேப் சுவத்துல கட்டம் கட்டமா ஒரு சார்ட் தொங்குமே, அதைப் பத்தி ரொம்ப நாளா ஒரு பதிவு போடணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். இப்போ பாடப்புத்தகத்துல தனிம வரிசை அட்டவணைங்கறாங்க. நாங்க படிச்சப்போ ஆவர்த்தன அட்டவணை. பேர் எதுவானாலும் மனப்பாடம் பண்ணின வேதனை ஒண்ணுதான் :-)

ஏதோ ஆராய்ச்சிக்கூடத்துல, புகை கக்குற குடுவைக்கு நடுவுல உட்கார்ந்து இதைக் கண்டுபிடிச்சாங்கன்னுதான் நம்மில் பல பேர் நினைச்சுக்கிட்டு இருக்கோம். இல்லைங்க. பசங்களுக்குப் பாடத்தை எந்த வரிசையில சொல்லித்தர்றதுன்னு முழிச்ச ஒரு வாத்தியார் போட்டது இது. ஒருத்தர் கூட இல்லை, மூணு பேர். மூணு பேருமே வாத்தியாருங்க.

முதல் ஆள் இத்தாலிக்காரர், கன்னிசாரோ. 1858ல தன் மாணவர்களுக்கு வேதியியலை எப்படி நடத்துறேன்னு ஒரு சின்ன பாடக்குறிப்பு எழுதினார். அணு எடைங்கற விஷயத்துல அப்போ ஆளுக்கு ஒரு கணக்கு. கார்பன் 6ன்னு ஒருத்தர், 12ன்னு இன்னொருத்தர். தண்ணிக்கே ஆளுக்கொரு வாய்பாடு எழுதிக்கிட்டு இருந்தாங்க. இந்த லட்சணத்துல பையன் என்னத்தைப் படிப்பான்? அதுக்காகவே 1860ல ஜெர்மனியில கார்ல்ஸ்ரூஹ நகரத்துல ஒரு மாநாடு கூட்டினாங்க. மாநாட்டுல பெருசா எதுவும் முடிவாகலை. (மாநாடுன்னா அப்படித்தானே!) ஆனா கலையற நேரத்துல கன்னிசாரோவோட அந்தப் பாடக்குறிப்பை வந்தவங்க கையில கொடுத்து அனுப்பினாங்க. வாங்கிப் போனவங்கள்ல ரெண்டு பேர் முக்கியம். ஒருத்தர் லோதர் மேயர், இன்னொருத்தர் ரஷ்யாவோட மெண்டலீவ்.

மெண்டலீவ் 1867ல செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துல பொது வேதியியல் பேராசிரியர் ஆனார். மாணவர்களுக்கு ரஷ்ய மொழியில ஒழுங்கான புத்தகம் இல்லை. சரி, நாமே எழுதுவோம்னு உட்கார்ந்துட்டார். வேதியியலின் அடிப்படைகள்னு தமிழ்ல சொல்லலாம். முதல் பாகம் முடிஞ்சதும்தான் மனுஷனுக்கு வயித்தைக் கலக்கியிருக்கும். அன்னிக்குத் தெரிஞ்ச தனிமங்கள் 63. முதல் பாகத்துல விரிவா எழுதி முடிச்சது எட்டே எட்டு! ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன், கார்பன், அப்புறம் ஃப்ளூரின் குடும்பத்துல நாலு. மீதி 55ஐ ஒரே பாகத்துல அடக்கணும். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா நிறம், குணம், கொதிநிலைன்னு எழுதிக்கிட்டுப் போனா புத்தகம் எங்கே முடியறது?

குடும்பம் குடும்பமா சேர்த்துச் சொன்னாத்தான் தப்பிக்க முடியும்னு புரிஞ்சுடுச்சு. ஃப்ளூரின் குடும்பத்துக்கு அடுத்து சோடியம் குடும்பம்னு வெச்சுக்கலாம். சரி, அதுக்கு அடுத்து எது? ஏன் அது? எந்த நியாயத்துல வரிசைப்படுத்துறது? இந்தக் கேள்வியோடதான் அணு எடைகளை எழுதி மாத்தி மாத்தி அடுக்கினார். பாலாடைக்கட்டிப் பண்ணைகளைப் பார்வையிட வரச்சொல்லி வந்த ஒரு கடிதத்தோட பின்பக்கத்துல அவர் கிறுக்கின கணக்கு இன்னும் பாதுகாப்பா இருக்கு. 1869 மார்ச் 1 அன்னிக்கு (ரஷ்யாவோட பழைய காலண்டர்ல பிப்ரவரி 17) அட்டவணை அச்சுக்குப் போனது.

இவருக்கு முன்னாடியும் சிலர் முயற்சி பண்ணியிருக்காங்க. லண்டன்ல நியூலண்ட்ஸ்னு ஒருத்தர், ஸரிகமபதநி மாதிரி எட்டாவது தனிமத்துல குணம் திரும்ப வருதுன்னு 1866ல கெமிக்கல் சொசைட்டியில சொன்னார். அகர வரிசையில அடுக்கிப் பார்த்தீங்களான்னு ஒரு பேராசிரியர் அவரை நக்கலடிச்சார். பாவம்.

லோதர் மேயரும் பாடப்புத்தகம் எழுதினவர்தான். 1864லேயே அவர் புத்தகத்துல 28 தனிமங்களோட ஒரு அட்டவணை இருக்கு. ஆனா எனக்குப் பிடிச்சது 1870ல அவர் போட்ட வரைபடம். கீழே அணு எடை, பக்கவாட்டுல அணுப் பருமன், அவ்வளவுதான். கோடு மலைத்தொடர் மாதிரி ஏறி ஏறி இறங்குது. சிகரத்துல எல்லாம் யாருன்னு பார்த்தா சோடியம், பொட்டாசியம், ருபீடியம், சீசியம்! எல்லாம் ஒரே குடும்பம். நாலு பக்கம் எழுதிப் புரியவைக்க வேண்டியதை ஒரு கோடு சொல்லிடுச்சு. எட்டாங்கிளாஸ் பையன்கிட்ட காட்டினாலும் விரலை வெச்சுக் காட்டுவான்.

அப்புறம் ஏன் மெண்டலீவ் பேர் மட்டும் நின்னுது? காலி இடம் விட்ட தைரியம்தாங்க. வரிசையில ஒருத்தன் பொருந்தலைன்னா மத்தவங்க நெருக்கி உட்கார வைப்பாங்க. இவர் ஒரு கேள்விக்குறி போட்டு, எடை 45, எடை 68, எடை 70னு எழுதி வெச்சுட்டார், ஆள் வருவான்னு. அதுமட்டுமில்லை, ஊரே 120ன்னு சொல்லிக்கிட்டு இருந்த யுரேனியத்தோட அணு எடையை, இல்லை 240னு மாத்தினார். வரப்போற தனிமங்களுக்கு வெச்ச பேரைப் பாருங்க: ஏக அலுமினியம், ஏக போரான், ஏக சிலிக்கான். நம்ம ஊர் சமஸ்கிருத ஏகமேதான்!

1875ல பிரான்சுல லெகோக் டி புவாபோத்ரான் காலியம் கண்டுபிடிச்சார். அதோட அடர்த்தி 4.7னு அளந்து சொன்னார். பொருளைக் கண்ணால கூடப் பார்க்காத மெண்டலீவ், அது 5.9 கிட்ட இருக்கணுமே, இன்னும் சுத்தம் பண்ணி அளங்கன்னு எழுதினார். அந்த பிரெஞ்சுக்காரருக்கு எப்படி இருந்திருக்கும்! சுத்தம் பண்ணி அளந்தா 5.9. அப்புறம் 1879ல ஸ்காண்டியம், 1886ல ஜெர்மானியம். ரெண்டும் விட்டுவெச்ச இடத்துல வந்து உட்கார்ந்துடுச்சு.

இந்த வருஷங்களைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க, இப்போ வேலை இருக்கு. 2014ல ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழக வேதியியல் துறையில பழைய சாமான் ரூமை ஒழிச்சாங்க. 1968லேர்ந்து சேர்ந்த குப்பை. அதுக்குள்ள சுருட்டி வெச்ச பழைய வகுப்பறை சார்ட்டுகள். ஒண்ணைப் பிரிச்சா தொட்ட இடமெல்லாம் உதிருது. ஜெர்மன் மொழியில ஒரு அட்டவணை, அடியில வியன்னா அச்சகத்தோட பேர். வருஷம் எது? எரிக் ஸெர்ரிங்கற அட்டவணை வரலாற்று நிபுணர் பார்த்துச் சொன்னார்: காலியம் இருக்கு, ஸ்காண்டியம் இருக்கு, ஜெர்மானியத்தைக் காணோம். அப்போ 1879க்கும் 1886க்கும் நடுவுல. என்னா அழகு பாருங்க! தேதி போடாத ஏட்டுல எந்த ராஜா பேர் இல்லைன்னு பார்த்து காலத்தைச் சொல்ற மாதிரி.

அப்புறம் பழைய கணக்கைத் தேடினா, தாமஸ் பர்டிங்கற பேராசிரியர் 1888 அக்டோபர்ல 3 மார்க் கொடுத்து ஜெர்மன் கேட்டலாக்லேர்ந்து 1885ஆம் வருஷத்து அட்டவணை ஒண்ணு வாங்கினது பதிவாகியிருக்கு. ஒரு வகுப்பு சுவத்துல மாட்டுறதுக்கு! சார்ட்டைத் துணியிலேர்ந்து பிரிச்சு, அமிலம் போகிற மாதிரி கழுவி, கிழிசலுக்கு ஜப்பான் காகிதமும் கோதுமைப் பசையும் போட்டு ஒட்டிக் காப்பாத்தினாங்க. நமக்குத் தெரிஞ்சு மிஞ்சியிருக்கற வகுப்பறை அட்டவணைகள்ல இதுதான் ரொம்பப் பழசா இருக்கும்ங்கறாங்க.

இன்னிக்கு நாம பார்க்குற 18 பத்தி வடிவமும் ஆராய்ச்சிக் கட்டுரையில பிரபலமானதில்லை. ஹொரேஸ் டெமிங்னு ஒரு அமெரிக்க வாத்தியார் 1923ல கல்லூரிப் பாடப்புத்தகத்துல போட்டதோட வழிவந்ததுதான். கீழே ரெண்டு வரி தனியா வெட்டி ஒட்டின மாதிரி இருக்குமே, அதுக்கும் பெரிய தத்துவம் எல்லாம் இல்லை. அதையும் உள்ளே சேர்த்தா 32 பத்தி ஆகிடும், பக்கத்துல கொள்ளாது. அது தெரியாம அந்த ரெண்டு வரியும் ஏதோ ஒதுக்கி வெச்ச சாதி மாதிரின்னு எத்தனை பசங்க நினைச்சிருப்பாங்களோ.

இப்போ எரிச்சலான விஷயத்துக்கு வர்றேன். 2023ல என்.சி.இ.ஆர்.டி.யோட பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்துலேர்ந்து இந்தப் பாடத்தையே தூக்கிட்டாங்க. கொரோனாவுக்கு அப்புறம் சுமையைக் குறைக்கிறோம், பதினோராம் வகுப்புலதான் இருக்கேன்னு சொன்னாங்க. பதினொண்ணுல காமர்ஸ் எடுக்குற பொண்ணு இதைப் பார்க்கப் போறதே இல்லையே? 55 தனிமத்தைத் தனித்தனியா தூக்கிச் சுமக்க முடியலைன்னுதான் ஒரு வாத்தியார் இதைப் போட்டார். அதைப் போய் சுமைன்னு கணக்கு எழுதினா நான் என்னத்தைச் சொல்ல? மனப்பாடம் கேட்டு மார்க் போட்டது நம்ம பரீட்சை முறை. அட்டவணை அதுக்குப் பொறுப்பில்லை. நம்ம மாநிலப் பாடத்திட்டத்துக்காரங்க அப்போ அதைப் பத்தாவதுல விட்டு வெச்சாங்க, அந்த மட்டுக்கும் சந்தோஷம். நீங்க மாற்றுக் கருத்துக்காரரா இருந்தா பின்னூட்டத்துல வாங்க, பேசலாம்.

டிஸ்கி: மெண்டலீவ் சீட்டுக்கட்டு மாதிரி அட்டையில எழுதி அடுக்கினார், கனவுல அட்டவணை வந்துச்சுன்னு ரெண்டு கதை சுத்திக்கிட்டு இருக்கு. ரெண்டுக்கும் ஆதாரம் வலுவா இல்லைன்னு வரலாற்றுக்காரங்க சொல்றதால பதிவுல சேர்க்கலை. பாலாடைக்கட்டிக் கடிதம் மட்டும் நிஜம். டீ கப் வெச்ச வட்டக்கறை கூட அதுல இருக்காம்!